ஆட்டுக்குப் புழு மருந்து: மந்தை முழுவதற்குமா, கண் வெளுத்ததற்கு மட்டுமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆடு வளர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "பூச்சி மருந்து ஊத்தியாச்சா?" என்பதுதான். எத்தனை ஆட்டுக்கு என்று யாரும் கேட்பதில்லை. பட்டியில் நாற்பது உருப்படி இருந்தால் நாற்பதுக்கும் ஊற்றுவது என்பது பேச்சில்லாமலே முடிவானது. அந்த முடிவு சரிதானா என்று பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை. வழிகள் மூன்று இருக்கின்றன: நாள் குறித்து எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவது, கண் இமையைப் பார்த்து வெளுத்ததற்கு மட்டும் ஊற்றுவது, புழுக்கையைச் சோதித்துப் பார்த்து ஊற்றுவது. மேய்ச்சலுக்குப் போகும் மந்தைக்கு இரண்டாவதே நல்லது, மூன்றாவதை அதற்குத் துணையாக வருடத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காரணம் புரிய முதலில் புழுவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளாடு, செம்மறி இரண்டிலும் அதிகச் சாவுக்குக் காரணமான குடற்புழு ஹீமாங்கஸ் கன்டார்டஸ். நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருளைப்புழு இது. கறிக்கு அறுத்த ஆட்டின் அந்த வயிற்றைக் கீறிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். பெண் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போல இருக்கும். சிவப்பாகத் தெரிவது ரத்தம் நிறைந்த அதன் குடல், வெள்ளையாகச் சுற்றியிருப்பது முட்டைக் குழல்கள். ஒரு புழுவால் ஆடு ஒரு நாளைக்கு இழக்கும் ரத்தம் 0.05 மில்லி. கேட்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கிற ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள். ஆயிரம் புழு சேர்ந்துவிட்டால் தினமும் 50 மில்லி போகும். நல்ல தீனியில் இருக்கிற ஆடு கொஞ்ச காலம் ஈடுகட்டும், நோஞ்சான் குட்டியால் முடியாது.

இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் வராது. கழிந்தால்தான் புழு என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆடு சோர்ந்து மந்தைக்குப் பின்னால் வரும், ஈறும் கண்ணும் வெளுக்கும், தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். அந்த வீக்கம் மாலையில் மேய்ந்து திரும்பும்போது பெரிதாகவும், காலையில் வற்றியும் இருக்கும். நாளெல்லாம் தலையைக் குனிந்து மேய்வதால் நீர் அங்கே இறங்குகிறது. காலையில் மட்டும் பட்டியை எட்டிப் பார்ப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

பெண் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு 5000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு தரைக்கு வரும். ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகி, நனைந்த புல்லில் ஏறிக்கொண்டு அடுத்த ஆட்டுக்காகக் காத்திருக்கும். ஆடு அதைத் தின்று மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தச் சுற்றுக்குத் தடையே கிடையாது.

சரி, முதல் வழி. ஆண்டுக்கு நான்கு முறை, எல்லா ஆட்டுக்கும். நம் ஊரில் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கப்படுவது இதுதான். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. யோசிக்க வேண்டியதில்லை, பழக்கம் வேண்டியதில்லை, மருந்தும் மலிவு. முகாம் போட்டால் ஒரு காலைப்பொழுதில் ஊர் ஆடு முழுவதற்கும் ஊற்றி முடித்துவிடலாம். ஆடு வளர்ப்புக்குப் புதிதாக வருகிறவருக்கு இதைவிட எளிதாக எதையும் சொல்லிவிட முடியாது.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், மருந்துக்குச் சாகாத புழுவை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். ஆயிரம் புழுவில் பத்து, மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறந்திருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் மீதி எல்லாம் செத்து, அந்தப் பத்து மட்டும் மிஞ்சும். அடுத்த மூன்று வாரத்துக்கு அந்த மந்தை போடும் புழுக்கையில் இருப்பதெல்லாம் அவற்றின் முட்டைதான். இது ஏட்டுக் கணக்கு இல்லை. நவீனப் புழு மருந்துகளில் முதலாவதான தையாபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-க்குள் அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் செம்மறிகளில் பதிவாகிவிட்டது. இந்தியாவில் 1976-லேயே பதிவு இருக்கிறது. தமிழ்நாட்டுச் செம்மறிப் பண்ணைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. புது மருந்து வரும் என்று காத்திருக்கவும் முடியாது. மோனெபான்டல் என்ற புது வகை மருந்து 2009-இல் நியூசிலாந்தில் அறிமுகமானது, நான்கே ஆண்டில் அங்குள்ள ஓர் ஆட்டுப் பண்ணையில் அதுவும் தோற்றது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்து படாத புழுக்கள் மேய்ச்சல் நிலத்திலும், மருந்து ஊற்றாத ஆடுகளின் வயிற்றிலும் இருக்கின்றன. இவை எதிரி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மருந்தைத் தாங்கும் புழுவோடு கலந்து, அந்தக் குணம் மந்தை முழுவதும் பரவாமல் நீர்க்கச் செய்வது இவைதான். கொஞ்சம் புழு மிஞ்சியிருப்பதுதான் மருந்தைக் காப்பாற்றுகிறது. இதை ஏற்றுக்கொண்டால், பழைய அறிவுரை இரண்டு தலைகீழாகிவிடும்.

ஒன்று, மருந்து ஊற்றிய கையோடு ஆடே மேயாத புது நிலத்துக்கு ஓட்டுவது. அந்தச் சுத்தமான நிலத்தில் முதலில் விழுவது மருந்துக்குத் தப்பிய புழுவின் முட்டை மட்டும்தான். கலப்பதற்கு வேறு புழு அங்கே இல்லை. மற்றொன்று கோடை மருந்து. சித்திரை வெயிலில் ராமநாதபுரம், விருதுநகர் கரிசல் காட்டுத் தரையில் இளம்புழு எத்தனை உயிரோடு இருக்கும்? மிகக் கொஞ்சம். அந்தச் சமயத்தில் இருக்கிற புழு அநேகமாக முழுவதும் ஆட்டு வயிற்றில்தான். அப்போது எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் தப்பித்தவை மட்டுமே அடுத்த மழைக்கு விதையாகும். ஆண்டுக்கு நான்கு முறை என்பதில் எதையாவது முதலில் விடுவதானால் நான் இந்தக் கோடை மருந்தைத்தான் விடச் சொல்வேன்.

தப்பிய புழு நம் பட்டியோடு நின்றுவிடுவதும் இல்லை. பிரிட்டனில் காட்டு ரோ மான்களின் வயிற்றில் மருந்துக்கு அசையாத ஹீமாங்கஸ் இருப்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மான் மேய்ந்த இடத்தில் மேயும் அடுத்த பண்ணை ஆட்டுக்கும் அது போகலாம். வல்லநாட்டு வெளிமான்கள் மேயும் இடத்தை ஒட்டி ஆடு ஓட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் எளிய விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: இந்தப் புழு ரத்தம் குடிப்பது, ரத்தம் குறைந்தால் கீழ் இமையின் உட்பக்கம் வெளுக்கும், அப்படியானால் கண்ணைப் பார்த்தே மருந்து ஊற்றலாமே. அதற்காக அவர்கள் செய்த வண்ண அட்டைக்கு ஃபமாச்சா என்று பெயர். அடர் சிவப்பு 1, காகிதம் போல் வெளுப்பு 5. நான்குக்கும் ஐந்துக்கும் மருந்து கட்டாயம். மூன்றில் இருப்பது குட்டியாகவோ, சினையாகவோ, பால் கொடுப்பதாகவோ இருந்தால் அதற்கும் உண்டு. ஒன்றும் இரண்டும் அப்படியே மேயப் போகலாம்.

இது ஏன் பலிக்கிறது? புழு எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. மந்தையில் இருபது, முப்பது சதவீத ஆடுகள்தான் எண்பது சதவீதப் புழு முட்டையைப் போடுகின்றன. நாற்பது உருப்படியில் எட்டு முதல் பன்னிரண்டு. அவற்றைக் கண்டுபிடித்து ஊற்றினால் சாவும் குறையும், நிலத்தில் விழும் முட்டையில் பெரும்பகுதியும் போய்விடும். மீதி ஆடுகளின் வயிற்றில் மருந்து படாத புழு கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும்.

பார்க்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் பட்டியிலிருந்து அவிழ்த்து விடும் முன்பு, நல்ல வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டார்ச் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடிக் கண்விழியை மெதுவாக உள்ளே அழுத்த வேண்டும். மறு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்சவ்வு பிதுங்கி வெளியே வரும். பார்க்க வேண்டியது அதன் நடுப்பகுதியை, இமையின் ஓரத்தை அல்ல. நெடுநேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் சவ்வு தானாகவே சிவந்துவிடும், அதனால் பார்த்ததும் விட்டுவிட வேண்டும். இரண்டு கண்ணையும் பார்த்து, வெளுப்பு அதிகமாக இருக்கிற கண்ணின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கோடையில் அவ்வளவு அடிக்கடி வேண்டாம். அட்டையை வெயிலில் போட்டு வைத்தால் அதன் நிறமே மங்கிவிடும், பிறகு எல்லா ஆடும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. கண் வெளுப்பதற்குப் புழு மட்டும் காரணமல்ல. உண்ணிக் கடி, உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணிகள், ஈரல் தட்டைப்புழு, வெறும் பசி இவையெல்லாம் வெளுக்க வைக்கும். மறுபக்கம், தூசி பட்டோ கண் நோய் வந்தோ சிவந்த கண், உள்ளே இருக்கிற ரத்தசோகையை மறைத்துவிடும். ரத்தம் குடிக்காமல் கழிச்சல் மட்டும் தரும் புழுக்களைக் கண் காட்டிக்கொடுக்காது. காவிரி டெல்டாவிலும் ஏரி, குளத்துக் கரைகளிலும் மேய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே நத்தை வழியாக வரும் தட்டைப்புழுதான் பல நேரம் பெரிய தொல்லை. அதற்கு வேறு மருந்து, அதன் குட்டிப் பருவம் பீய்ச்சியடிக்கும் கழிச்சலைக் கொண்டுவரும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பார்க்க முடியாதவருக்கு இந்த வழி ஆகாது. மழைக்காலத்தில் ஒரு முறை தவறினால் இரண்டு குட்டி போய்விடும். அந்த ஒழுங்கு இல்லாதவர் முதல் வழியிலேயே இருந்துகொள்ளலாம்.

கூடவே வரும் லாபம் ஒன்று உண்டு. யார் யாருக்கு மருந்து ஊற்றினோம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆடு எது என்று ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். அதை விற்றுவிடலாம். புழுவைத் தாங்கும் குணம் தாய், தகப்பன் வழியாக வருவது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவப்பு மாசாய் செம்மறியும், வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் செம்மறியும் அதற்குப் பெயர் போனவை. நம் கன்னி ஆட்டிலும் கொடி ஆட்டிலும் மேச்சேரியிலும் ஒவ்வொரு மந்தைக்குள்ளும் தாங்குகிறது, தாங்காதது இரண்டும் இருக்கும். மருந்து வாங்காமல் ஒரு மழையைத் தாண்டிய தாயின் கிடாக்குட்டியைப் பொலிகிடாவாக வைத்துக்கொள்வது செலவே இல்லாத வேலை. எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற பட்டியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மூன்றாவது வழி, புழுக்கைப் பரிசோதனை. கையில் பாலித்தீன் உறையை மாட்டி, ஆசனவாயிலிருந்தே புழுக்கையை எடுத்து, உறையைத் திருப்பிக் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்ச்சியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வெளியில் கிடந்த புழுக்கையைப் பொறுக்கிக் கொடுத்தால் எந்த ஆடு என்று தெரியாது, சூட்டில் முட்டையும் பொரிந்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் அதைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்குவார்கள். முட்டை மேலே மிதந்து வரும். மெக்மாஸ்டர் கண்ணாடியின் கட்டங்களுக்குள் எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்ற கணக்கு கிடைக்கும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையத்திலோ கேட்டுப் பார்க்கலாம்.

எந்த ஆட்டுக்கு ஊற்றுவது என்று தீர்மானிக்க நாற்பது ஆட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நடக்கிற காரியமில்லை. அது ஆராய்ச்சிப் பண்ணைக்குச் சரி. அப்புறம், முட்டையிடும் வயதுக்கு வராத இளம்புழுவும் ரத்தம் குடிக்கும், அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் வேறு எந்த வழியாலும் கிடைக்காத ஒரு பதிலை இது தருகிறது: என் பட்டியில் இந்த மருந்து வேலை செய்கிறதா? மருந்து ஊற்றும் நாளில் பத்துப் பதினைந்து ஆட்டின் புழுக்கையை எடுக்க வேண்டும், பதினான்காம் நாள் அதே ஆடுகளிடம் மறுபடியும் எடுக்க வேண்டும். சராசரி 1200-ஆக இருந்தது 60-க்குள் வந்தால் மருந்து நன்றாக இருக்கிறது, அதாவது 95 சதவீதம் குறைந்திருக்கிறது. 400-இல் நின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு புழு மருந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் கண் பார்த்து ஊற்றினாலும் பயனில்லை, நாள் பார்த்து ஊற்றினாலும் பயனில்லை.

எந்த வழியானாலும், ஊற்றும் கையில் நடக்கிற தவறுகளே பாதிக் காரியத்தைக் கெடுக்கின்றன. அல்பெண்டசோல் கேட்கவில்லை என்று கடையில் பென்பெண்டசோல் வாங்கி வருகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பும். புட்டியின் நிறம் மாறியதால் மருந்து மாறிவிடாது. குடும்பம் மாற வேண்டுமானால் லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் இப்படிப் போக வேண்டும். அடுத்தது அளவு. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும், ஆகவே செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. அல்பெண்டசோலில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை தேவைப்படும். அதற்காக எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிடக் கூடாது. லெவமிசோல் கொஞ்சம் கூடினாலே விஷம், குளோசன்டெல் கூடினால் ஆட்டின் பார்வை போகும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் நிறுத்து, டாக்டரிடம் அளவு கேட்டு, புட்டியை நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும்.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. எடின்பரோவின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில் உருவாகி 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது பார்பர்வாக்ஸ். அறுத்த செம்மறிகளின் வயிற்றிலிருந்து புழுவைச் சேகரித்து, அந்தப் புழுவின் குடல் புரதத்திலிருந்து எடுப்பது. ஆடு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் புழு ரத்தத்தோடு சேர்த்துக் குடித்து அதனாலேயே மெலிந்து சாகும். அழகான யோசனை, ஆனால் ஒரே பருவத்தில் பல ஊசி போட வேண்டும், நம் ஊர்க் கடையில் கேட்டாலும் கிடைக்காது. வேப்பங்கொழுந்து, குப்பைமேனி போன்றவற்றை நம்பி வெளுத்த ஆட்டைக் காத்திருக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேய்ச்சல் விஷயம் அப்படியல்ல. இளம்புழு புல்லின் அடியில்தான் அதிகம் இருக்கும், எட்டித் தழை தின்னும் வெள்ளாட்டுக்கு இயல்பாகவே புழு குறைவு. அகத்தி, சூபாபுல், கருவேலம் இவற்றில் ஏதாவது ஒன்றை மழைக்காலத்தில் பட்டியில் கட்டித் தொங்கவிட்டு, பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிட்டால் உள்ளே போகும் புழு கணிசமாகக் குறையும்.

இனி யாருக்கு எது. பத்து முதல் நூறு உருப்படி வரை காட்டில் மேய்ப்பவருக்கு இரண்டாவது வழி, வருடத்துக்கு ஒரு புழுக்கைச் சோதனையோடு. வீட்டில் நான்கு ஆடு வைத்திருப்பவருக்கும் இதேதான். அவருக்கு இன்னும் எளிது, நான்கு கண்ணைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பரண் மேல் வைத்து வெட்டிய தீவனம் போடுபவருக்கு ஹீமாங்கஸ் பெரிய கவலை இல்லை. அங்கே குட்டிகளைத் தாக்குவது ரத்தக் கழிச்சல் தரும் காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, அது புழுவே அல்ல, புழு மருந்தை எத்தனை முறை ஊற்றினாலும் அது போகாது. அவர் கண்ணைப் பார்ப்பதைவிட மூன்றாவது வழியில் போவது நல்லது. கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் செம்மறிக்காரர்கள்தான் சிக்கலான இடத்தில் இருக்கிறார்கள். முந்நூறு, நானூறு கண்ணைப் பார்ப்பது கடினம், பரிசோதனைக்கூடமும் பக்கத்தில் இருக்காது. அவர்கள் குட்டிகளையும் குட்டி போட்ட ஆடுகளையும் மட்டும் பிரித்து ஊற்றிவிட்டு, கொழுத்த கிடாக்களையும் வறட்டாடுகளையும் விட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. குட்டி ஈனும் சமயத்தில் தாய்க்குப் புழுவை அடக்கும் சக்தி குறைந்து முட்டை ஏறும் என்பதால் அந்தப் பிரிப்பில் அர்த்தம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஊற்றியே ஆக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சந்தையில் வாங்கி வந்த ஆடு. எட்டயபுரத்திலோ மேலப்பாளையத்திலோ பிடித்து வரும் ஆட்டின் வயிற்றில் எந்த மருந்துக்குத் தப்பிய புழு இருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது. அதன் கண் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் விட வேண்டாம். வேறு வேறு குடும்பத்து மருந்து இரண்டை டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்து, இரண்டு வாரம் தனியே கட்டி வெட்டிப் போட்ட தழையில் வைத்திருக்கலாம். ஆட்டுக்கொல்லி நோய் இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். பதினான்காம் நாள் புழுக்கையைச் சோதித்து முட்டை இல்லை என்று வந்த பிறகு, நம் ஆடுகள் ஏற்கெனவே மேய்ந்த நிலத்தில் சேர்த்து விடலாம், காலியாகக் கிடக்கும் புது நிலத்தில் அல்ல.